உப்பு மண்ணும் ஊற்றுத் தண்ணியும்: எங்கள் வீட்டு அத்திவாரம்

மட்டக்களப்பு எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள மணல் வளவில் வீடு கட்டுகிறோம். கணவர் கட்டாரில், வேலையைப் பார்ப்பது நானும் அம்மாவும். அத்திவாரம் நிலமட்டத்துக்கு மேலே வந்த பிறகுதான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

ஆவணியிலேயே குழி வெட்டியிருக்க வேண்டும். அப்போதுதான் நம் பக்கம் நிலத்தடி நீர் நன்றாக இறங்கியிருக்கும். ஆனால் வரைபட அனுமதிக்குப் போனால் முதலில் காணி உறுதிப் பிரதி கேட்டார்கள். அதைக் கொடுத்த பிறகு நில அளவைப் படம் பழையது என்றார்கள். இதையெல்லாம் முதல் நாளே சொல்ல என்ன தடை? அனுமதி கைக்கு வரும்போது ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. போகிறவர்கள் என்னென்ன ஆவணம் வேண்டும் என்று முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நாலு அடி தோண்டுவதற்குள் ஊற்றெடுத்துவிட்டது. மோட்டர் வைத்து இறைத்தால் தண்ணியோடு மணலும் சேர்ந்து வந்தது, குழியின் கரை இடிந்து விழுந்தது. பிறகு மேசன், தூண் குழிக்குப் பக்கத்தில் அதைவிட ஆழமாக இன்னொரு குழி வெட்டி, ஓட்டை போட்ட பெரல் ஒன்றை இறக்கி, அதிலிருந்து இறைக்கச் சொன்னார். பக்கங்களுக்குப் பலகையும் மணல் மூட்டையும் கொடுத்தோம். குழி நின்றது. கொங்கிரீட் போட்டு இறுகும் வரைக்கும் மோட்டரை நிறுத்தவில்லை.

அடுத்தது கொங்கிரீட்டுக்கான மண். "ஆத்து மண்தான் பிள்ள, பயப்படாதங்க" என்று சொல்லிக்கொண்டே டிப்பர்காரர் கொட்டப் பார்த்தார். ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். உடைந்த சிப்பித் துண்டுகள் மினுங்கின. நாக்கில் வைத்தால் கரித்தது. கொட்டவே விடவில்லை. பூச்சுக்காவது எடுங்க என்று விலையைக் குறைத்தார், அதற்கும் மறுத்துவிட்டேன். உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருவேறிய கம்பி பருத்துக் கொங்கிரீட்டை வெடிக்க வைக்கும். கரையோர வீடுகளில் பீம் பிளந்து கம்பி தெரிவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அனுமதிப் பத்திரத்தோடு வந்த ஆற்று மண்ணுக்குக் காசு கூடத்தான், ஆனாலும் அதைத்தான் எடுத்தோம். எங்கள் கிணறும் உவர் என்பதால் குழைக்கிற தண்ணியையும் பவுசரில் இறக்கினோம்.

கம்பி கட்டும்போது அடியில் செங்கல் துண்டு வைக்க விடாதீர்கள். இரண்டு அங்குலக் கொங்கிரீட் கட்டைகளை முதலே வார்த்து வைத்திருந்தோம். கம்பி மண்ணில் தொடாமல் நின்றது.

கலவை 1:2:4, அதாவது ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மண், நாலு பங்கு கல். இதில் வந்த சண்டை தண்ணிக்குத்தான். கூட ஊற்றினால் வாரிப் போடுவது லேசு, அதனால் வேலையாட்கள் வாளியோடு வருவார்கள். 50 கிலோ சீமெந்து மூட்டைக்கு 25 லீற்றர் போதும், மண் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும். அம்மா மிக்சருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, வாளியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். அவரிடம் யாரும் வாய் திறக்கவில்லை.

பிறகு ஏழு நாளும் ஈரச்சாக்கு மூடித் தண்ணி விட்டோம். நிலமட்ட பீம் போடுவதற்கு முன் கழிவறைக் குழாய் போகும் இடத்தில் அகலமான பிவிசி துண்டு ஒன்றைச் சொருகிவிடுங்கள். மேசன் பிறகு உடைக்கலாம் என்பார், விடாதீர்கள்.