அரிசி யார் வாங்குவது?

2024 ஜனவரி 2-ஆம் தேதி மலேசிய அரசாங்கத்தின் பாடு (மக்கள் விவரங்களைத் திரட்டும் மையத் தரவுத்தளம்) பதிவு தொடங்கியபோது எங்கள் கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போட்டு, கைப்பேசியில் பதியத் தெரியாதவர்களுக்குப் பதிந்து கொடுத்தோம். மார்ச் 31 வரை சனி, ஞாயிறு முழுக்க அதுதான் வேலை. பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், முகவரி எல்லாம் மளமளவென்று ஓடும். மாத வருமானம் என்ற இடம் வந்ததும் ஆள் நின்றுவிடுவார். "என்னத்தப் போடறது, நீயே ஒன்னு போடும்மா" என்பார்கள். பின்னால் வரிசை நிற்கிறது, நானும் அவர்களோடு பேசி ஏதோ ஒரு எண்ணைப் போட்டு அனுப்பியிருக்கிறேன். அது என் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

அதனால்தான் போன வருடம் பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலும், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியிருக்கும் மலிவு விலை வீடுகளிலும் வீடு வீடாகப் போய் யார் என்ன வேலை செய்கிறார்கள், வீட்டுக்குள் எவ்வளவு பணம் வருகிறது என்று எழுதும் வேலைக்கு ஆள் கேட்டபோது உடனே பெயர் கொடுத்தேன். நாங்கள் நான்கு பேர். பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் லயங்களை, அதாவது தோட்டத்துத் தொடர் வீடுகளை, வரிசையாக வரைந்து, கதவுக்கு ஒரு கட்டம் போட்டு, தோட்ட வேலைக்குப் பச்சை, தொழிற்சாலைக்கு நீலம், ஜாகா (காவல்), கூட்டுற வேலைக்கு மஞ்சள், வேலை இல்லாதவர்களுக்குச் சிவப்பு என்று புள்ளி வைத்துக்கொண்டே போனோம். இதே மாதிரி செய்ய நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எங்கே தடுக்கினோம் என்பதை எழுதுகிறேன்.

முதல் இரண்டு நாளும் "சம்பளம் எவ்வளவு?" என்று நேராகக் கேட்டோம். எல்லா வீட்டிலும் 1,700 வெள்ளி (ரிங்கிட்). 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் அதுதான், வானொலியிலும் பேப்பரிலும் கேட்ட எண், அதைச் சொல்லிவிடுகிறார்கள். பொய் சொல்லவில்லை. செம்பனை வெட்டுகிறவருக்கு எடைக் கணக்கில் கூலி, மழை பிடித்துக்கொண்டால் குறையும், குலை நிறைய விழும் மாதத்தில் கூடும், இதில் மாதம் எவ்வளவு என்று ஒரே எண்ணைக் கேட்டால் அவர் என்னதான் சொல்வார்? பால்மரம் (ரப்பர்) வெட்டுகிறவர் நிலைமை இன்னும் மோசம், விடியற்காலை மழை பெய்தால் அன்றைக்கு வெட்டு கிடையாது, வருட ஆரம்பத்தில் இலை உதிரும் காலத்தில் மரம் பாலே கொடுக்காது. அப்புறம் கேள்வியை மாற்றினோம். நேற்று எங்கே போனீர்கள், முந்தாநாள், போன வாரம் எத்தனை நாள், தீபாவளி மாதம் கையில் என்ன வந்தது, மழை மாதத்தில் கடையில் எவ்வளவு கடன் வைத்தீர்கள். ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஆனால் கணக்கு வந்தது. சம்பளச் சீட்டு இருக்கிற வீடுகளில் அதை பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார்கள், கேட்டால் எடுத்துக் காட்டுகிறார்கள். காண்ட்ராக்டரிடம் வேலை செய்கிறவர்களிடம் பெரும்பாலும் சீட்டே இல்லை.

ஒரு அக்காவிடம் "நீங்க என்னக்கா வேலை?" என்றேன். "நான் சும்மாதான் இருக்கேன், வீட்டுல" என்றார். சொல்லிக்கொண்டே ஊசிப்பின்னால் உள்ளங்கையில் ஏறியிருந்த முள்ளை நோண்டி எடுத்துக்கொண்டிருந்தார். செம்பனை முள். காலையில் புருஷனோடு போய் அவர் வெட்டிப்போட்ட குலையைச் சுற்றிச் சிதறின பழத்தைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுகிறார், பதினோரு மணிக்கு வந்து சமைக்கிறார், சாக்கெல்லாம் புருஷன் பெயரில் எடை போகிறது. ஒரு சம்பளம், அதற்குள் இரண்டு பேர் உழைப்பு. நான் ஏற்கெனவே சிவப்புப் புள்ளி வைத்துவிட்டேன், அதன் மேலேயே பச்சையை அழுத்தி வைத்தேன், இன்றும் அந்தக் கட்டம் பழுப்பு நிறத்தில்தான் இருக்கிறது. அவருக்குக் காயம் பட்டால் யார் பொறுப்பு? இல்லத்தரசிகளுக்காகப் பெர்கேசோவில் (சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில்) 2022 டிசம்பரிலிருந்து ஒரு திட்டம் இருக்கிறது, வருடத்துக்கு 120 வெள்ளி கட்டினால் போதும், ஆனால் அதில் காயம் என்றால் வீட்டு வேலையில் படுவதுதான் என்று சொல்லி வந்தேன். அன்றிலிருந்து "சும்மா இருக்கேன்" என்று யார் சொன்னாலும் "சரி, காலையில ஆறு மணிக்கு என்ன செஞ்சீங்க?" என்று தொடங்குகிறேன்.

எங்களுக்குப் பெரிய அடி விழுந்தது குடும்பம் என்றால் என்ன என்பதில்தான். ஒரு கதவுக்கு ஒரு பாரம் (படிவம்) என்றுதான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மலிவு விலை வீடு ஒன்றில் அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள், புருஷனை விட்டு வந்த தங்கச்சி, அவளுடைய மூன்று பிள்ளைகள். அண்ணன் ஈப்போவுக்கு லோரி ஓட்டுகிறார். தங்கச்சி ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிறாள். இரண்டு சம்பளத்தையும் கூட்டி ஒரே குடும்பமாக எழுதினேன். அதை வைத்துத் தங்கச்சி பெயரில் இ-காசேயில் (ஏழைக் குடும்பங்களுக்கான அரசாங்கப் பதிவில்) பதிய ஒரு அலுவலகத்துக்குப் போனபோது, முகப்பில் இருந்தவர் மொத்தத்தைப் பார்த்துவிட்டு, வறுமைக் கோட்டுக்கு மேலே இருக்கிறது என்று தாளைத் திருப்பித் தந்துவிட்டார். 2022 கணக்குப்படி அந்தக் கோடு ஒரு குடும்பத்துக்கு மாதம் நாட்டுச் சராசரியாக 2,589 வெள்ளி. அவள் ஒன்றும் பேசவில்லை, சின்னவனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் நின்றாள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் திரும்பப் போனேன். இந்தத் தடவை நேராக அடுப்பங்கரைக்கு. இரண்டு அடுப்பு, இரண்டு தோங் (சிலிண்டர்) கேஸ், மூலையில் மூடி போட்ட இரண்டு அரிசி வாளி, ஒன்றின் மேல் நாடா ஒட்டிப் பெயர் எழுதியிருந்தது. புள்ளிவிவரத் துறையே குடும்பம் என்பதற்கு, சேர்ந்து வாழ்ந்து சாப்பாட்டுக்கும் மற்ற தேவைகளுக்கும் பொதுவாக ஏற்பாடு செய்துகொள்கிறவர்கள் என்றுதான் பொருள் சொல்கிறது. கூரை ஒன்றாக இருந்தாலும் இங்கே உலை இரண்டு. "அரிசி யார் வாங்குறது?" என்ற ஒரு கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் அவளை அந்த முகப்பில் நிற்க வைத்திருக்க மாட்டேன். அதுவரை எழுதின எல்லா மலிவு விலை வீடுகளுக்கும் மறுபடி போனோம். வேலை இரண்டு மடங்காகிவிட்டது என்று எங்களில் ஒருவர் கோபித்துக்கொண்டார், அப்புறம் அவரும் வந்தார்.

கோடு எங்கே போடுகிறோம், எப்படிக் கேட்கிறோம் என்பதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2020-ல் அரசாங்கம் வறுமைக் கோட்டை 980 வெள்ளியிலிருந்து 2,208-க்கு உயர்த்தியது. பழைய கணக்கில் 2016-ல் ஏழைக் குடும்பங்கள் 0.4 விழுக்காடுதான். அதே வருடத்தைப் புது முறையில் கணக்குப் பார்த்தால் 7.6 விழுக்காடு. அதே வருடம், அதே வீடுகள், அதே உலை. அளந்த கோல்தான் வேறு.

லயத்துக் கடைசி வீட்டுப் பாட்டி இரண்டு முறை கதவைத் திறக்கவில்லை. மூன்றாவது முறை படியில் உட்கார வைத்துக் காரணத்தைச் சொன்னார். "இப்படித்தான் அப்பவும் பேரு எழுதிட்டுப் போனாங்க, அப்புறம் பெர்மிட்டு இல்லேன்னாங்க." 1968-ல் வந்த சட்டத்தால் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டியதாகி, அடுத்த வருடத்திலிருந்து ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். பாட்டியின் அக்காவும் ரஜூலா கப்பலில் போனவர், திரும்பவில்லை. பாட்டி கையில் இன்னும் சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குக் கொடுப்பது. பிறந்தது இதே தோட்டத்தில்தான், பிறப்புப் பத்திரம்தான் இல்லை. அவருடைய வருமானத்தை எழுத எங்கள் பாரத்தில் இடம் இருந்தது, அந்தச் சிவப்பு ஐசியை எழுத இடம் இல்லை. நாங்களே ஒரு கோடு கிழித்துச் சேர்த்தோம்.

லாசா சாலைக்கு உள்ளே தெமியார் பழங்குடி மக்களின் கம்பம் (கிராமம்) ஒன்றுக்கும், ஊர்த் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒரு நாள் போனோம். எங்கள் கேள்விகள் அங்கே பாதி உதவவில்லை. டுரியான் காலம், பெத்தாய்க் காய் காலம், கித்தா (ரப்பர்) கட்டிப்பால் விற்கிற வாரம் என்றுதான் அவர்கள் வருமானம் ஓடுகிறது, மாதம் என்ற பேச்சே பொருந்தாது. அந்தப் பாரத்தை அவர்கள் பிள்ளைகளில் படித்தவர்களோடு உட்கார்ந்து புதிதாக எழுத வேண்டும் என்று விட்டுவந்திருக்கிறோம்.

தங்கச்சியின் மனுவை அவளையும் பிள்ளைகளையும் மட்டும் தனிக் குடும்பமாகக் காட்டி, இரண்டு அடுப்பையும் படம் எடுத்து இணைத்து மறுபடி கொடுத்தாயிற்று. வீட்டுக்கு வந்து சரிபார்ப்பார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள், இன்னும் வரவில்லை. நாள்காட்டித் தாளில் நாலாவது லயம் பாதி காலியாக இருக்கிறது, அங்கே பகலில் போனால் பூட்டின கதவுதான். தொழிற்சாலை பஸ் ஏழரைக்கு ஆள் இறக்கும், வருகிற புதன்கிழமை அந்த நேரத்துக்குப் போகிறோம்.