கொடுங்கையும் கான்கிரீட் டைல்ஸும்

தஞ்சாவூர் பைபாஸில் இருக்கும் டைல்ஸ் கடைகளில் பளபளப்புக்கு மவுசு குறைந்துவிட்டது. குனிந்தால் முகம் தெரியும் வெள்ளை டைல்ஸெல்லாம் பின்வரிசைக்குப் போய்விட்டன. வாசலிலேயே நிற்பது சாம்பல் நிறம்தான்.

பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், மன்னார்குடிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். அவர்களுக்கு டைல்ஸ் எடுக்க வேண்டும், எனக்கு அறந்தாங்கிப் பக்கம் ஆவுடையார்கோயிலின் கல் கூரையைப் பார்க்கப் போக வேண்டும். பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரே காரில் கிளம்பிவிட்டோம்.

கடைக்காரர் நாலடிக்கு ரெண்டடி டைல் ஒன்றை நிமிர்த்தி வைத்தார். கான்கிரீட் வார்க்க அடிக்கும் சென்ட்ரிங் பலகையின் மரரேகை, இரண்டு பலகை சேரும் இடத்தில் சிமென்ட் பால் கசிந்த கோடு, கம்பி கட்டிய துளை, காற்று அடைத்து விழுந்த சின்னக் குழி, எல்லாம் இருந்தன. கையால் தடவினால் ஒன்றும் தட்டுப்படவில்லை. அத்தனையும் அச்சு.

“புரூட்டலிஸ்ட் சீரிஸ் சார். முகப்பு எலிவேஷனுக்கு இப்ப இதுதான் ஓடுது.” கான்கிரீட்டைப் பூசாமல் அப்படியே காட்டும் கட்டடப் பாணிக்குத்தான் புரூட்டலிஸம் என்று பெயர்.

பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தார். “பூசாத சுவரு மாதிரில்ல இருக்கு? நம்ம வூட்டுல இப்ப அப்படித்தானே நிக்குது. இதைக் காசு குடுத்து வேற வாங்கணுமா தம்பி?”

கடைக்காரர் டீ சொல்லப் போய்விட்டார்.

பெரியம்மா கேட்டதில் தப்பே இல்லை. டெல்டாவில் பூசாத சுவர் என்றால் கையில் இருந்த காசு தீர்ந்துவிட்டது என்று பொருள். தொகுப்பு வீட்டின் கடைசித் தவணை வராமல் செங்கல் தெரிய நிற்கும் வீடுகள் ஊருக்கு நாலைந்தாவது இருக்கும். “எப்ப பூசப்போறீங்க?” என்ற கேள்வி அந்த வீட்டுக்காரரை மொய் விருந்துப் பந்தி வரைக்கும் துரத்தும்.

பூசாமை கௌரவமானது வேறு ஊரில். இரண்டாம் உலகப் போர் முடிந்து எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்த பிரான்சில், மார்செய் நகரத்தில் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பைக் கான்கிரீட்டில் எழுப்பினார். 1952இல் வேலை முடிந்தபோது பலகைத் தடங்களையும் வார்ப்பின் கோணல்களையும் பூசி மறைக்காமல் அப்படியே விட்டார். அதே பாணியை நம் சண்டிகருக்கும் கொண்டுவந்தார். அங்குள்ள சட்டமன்றம், தலைமைச் செயலகம், உயர்நீதிமன்றம் அடங்கிய வளாகம் 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மார்செய்க்கும் முந்தியது புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி. கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்ட் 1930களின் இறுதியில் ஆரம்பித்த வேலை. வெளியே வெறும் கான்கிரீட், உள்சுவரில் கிளிஞ்சல் கலந்த வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சு. இந்த ஜோடிப் பொருத்தம் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

ஆனால் கோல்கொண்டேக்குக் கிடைக்கும் பராமரிப்பு சாதாரண வீட்டுக்குக் கிடைக்காது. கான்கிரீட் தண்ணீர் குடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வடக்குச் சுவர் பாசி பிடித்துக் கறுத்துவிடும். கடலோரத்தில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. அது உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டால் துரு ஏறி, கம்பி பருத்து, மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் பழைய தண்ணீர்த் தொட்டிகளுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியும்.

இந்த இடத்தில் டைல்ஸுக்குக் கொஞ்சம் வக்காலத்து வாங்கத்தான் வேண்டும். விட்ரிஃபைடு என்றும் போர்சிலைன் என்றும் விற்கிற இந்த ரகத்தைச் சுமார் 1200 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுடுகிறார்கள். களிமண்ணோடு கலந்த ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் உருகி நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. அதனால் அது உறிஞ்சும் தண்ணீர் எடையில் 0.5 சதவீதத்தைத் தாண்டாது. பாசிக்கும் உப்புக்கும் உள்ளே போக வழியில்லை. கான்கிரீட் முகம் வேண்டும், கான்கிரீட்டின் வியாதி வேண்டாம் என்பவருக்கு இது நியாயமான பொருள்தான். கடைக்காரர் காட்டிய பெட்டிகளெல்லாம் குஜராத்தின் மோர்பியிலிருந்து வந்தவை. நாட்டின் டைல்ஸில் பெரும்பங்கு அங்கேதான் சுடப்படுகிறது.

எனக்கு உறுத்தியது அந்த அச்சு. ஒரு மாடலுக்கு நாலைந்து படங்கள்தான் இருக்கும். அவையே மாறி மாறி வரும். கடைச் சுவரில் ஒட்டியிருந்ததை எண்ணிக்கொண்டே போனேன். ஒரே விரிசல், ஒரே துளை, ஒரே குழி, மூன்றாவது வரிசையில் மறுபடி ஆஜர்.

டைல்ஸை முடிவு செய்யாமலே மதுக்கூர், பட்டுக்கோட்டை, பேராவூரணி வழியாக அறந்தாங்கி போனோம். கஜா புயல் 2018இல் சாய்த்த தென்னந்தோப்புகளில் புதுக்கன்றுகள் தலைக்கு மேல் வளர்ந்திருந்தன. கல்லணைக் கால்வாயின் கடைமடை இந்தப் பக்கம்தான்.

ஆவுடையார்கோயில் கருவறையில் லிங்கம் கிடையாது, அதன் பீடமான ஆவுடை மட்டும்தான். புழுங்கலரிசிச் சோற்றை வடித்துக் கொட்டி, அதன் ஆவிதான் நைவேத்தியம். பெரியம்மா அங்கே நின்றுவிட்டார். நாங்கள் இருவரும் மண்டபத்துத் தாழ்வாரத்தில் தலையைப் பின்னால் சாய்த்து நின்றோம்.

கொடுங்கை என்பது கூரையின் வெளியே வளைந்து இறங்கும் சரிவு. இங்கே அது முழுக்கக் கருங்கல். ஆனால் அடிப்பக்கம் பார்த்தால் மரச்சட்டங்கள், குறுக்கே கம்பிகள், அவற்றைப் பிணைக்கும் ஆணிகள், ஆணியின் குமிழ்த்தலை உட்பட. கல் மெல்லிசாக இழைக்கப்பட்டிருக்கிறது. அது கல்தானா என்று சந்தேகப்பட்ட ஒரு வெள்ளைக்காரர் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தார் என்று சொல்லி, அந்தத் துளையையும் காட்டுவார்கள். ஒப்பந்தம் எழுதும்போது “ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக” என்று அந்தக் காலத்து ஸ்தபதிகள் குறிப்பிடுவார்களாம். இதுவும் செவிவழிதான்.

மரத்தைக் கல்லில் செய்ததும் போலிதானே? அப்படியிருந்தும் இது ஏமாற்றாகத் தெரியவில்லை. காரணம் நிழல் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு ஆணியும் கல்லிலிருந்து எழும்பி நிற்கிறது. வெயில் நகர நகர அதன் நிழலும் நகர்கிறது. டைல்ஸில் அச்சான துளையின் நிழல் காலை, மாலை எந்நேரமும் ஒரே பக்கம் விழுந்து கிடக்கிறது. சாயங்கால வெயில் எதிர்ப்பக்கம் அடிக்கும்போது கண் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அண்ணனிடம் இதைச் சொன்னேன். “அப்ப எழும்பி நிக்கிற டைல்ஸ் இருக்கான்னு கேப்போம்” என்றார். இருக்கிறது. அழுத்தும் அச்சுத்தகட்டிலேயே மேடு பள்ளம் வைத்து, மண் பச்சையாக இருக்கும்போதே பலகைத் தடத்தை இறக்குகிறார்கள். விலை கூடுதல். முகப்பில் ஒரு சுவருக்கு மட்டும் அதை எடுத்தோம். உள்ளே தரைக்கு அந்தச் சொரசொரப்பு உதவாது. எண்ணெயும் மஞ்சளும் பள்ளத்தில் தங்கும், மாப்புத் துணியின் நூல் சிக்கும். அங்கே பெரியம்மா கேட்டபடி சிவப்பு ஆக்சைடு. அதை இழைக்கத் தெரிந்த கொத்தனார் நீடாமங்கலத்தில் ஒருவர் கிடைத்தார்.

சுவரில் ஒட்ட வந்தவர் வழக்கம்போல் சிமென்ட் பாலைக் கரைக்கப் போனார். இந்த ரகம் தண்ணீர் உறிஞ்சாததால் சிமென்ட் பால் இதில் கவ்வாது. பசைதான் வேண்டும், பல் கரண்டியால் முழுக்க இழுத்து, டைலின் முதுகிலும் தடவ வேண்டும். நாலு மூலையில் உருண்டை வைத்து ஒட்டினால் தட்டும்போது ‘டொக்’ என்று கேட்கும், பிறகு ஒருநாள் விழும். “பசைக்கு மூட்டைக் காசு தனி, கூலியும் தனி” என்றார். அண்ணன் ஒத்துக்கொண்டார்.

ஆவுடையார்கோயில் போகிறவர்களுக்கு: அறந்தாங்கியிலிருந்து மீமிசல் பஸ்ஸில் ஏறலாம். மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். தாழ்வாரத்து ஓரத்தில் நின்று பார்த்தால்தான் ஆணித்தலைகள் தெளிவாகத் தெரியும்.