மரான் மரத்தாண்டவருக்கு பாப்பா கொடுத்த முடி

போன மாசம் மலேசியாவுல பகாங்ல இருக்குற மரான் முருகன் கோயிலுக்குப் போயிட்டு வந்தோம். பங்குனி உத்திரத்துக்குப் போகல, அந்தக் கூட்டத்துக்கு எங்க பாப்பாவைக் கூட்டிட்டுப் போக முடியாது, அதான் ஒரு புதன்கிழமை காலையில ஆள் இல்லாத நேரமா பார்த்துப் போனோம்.

நாங்க இருக்கறது மெந்தகாப். என் மாமனார் காலத்துல பால்மரம், இப்ப சுத்தி எல்லாம் செம்பனை. பாப்பாவுக்கு மூணு வயசுல கால் வலிக்குதுன்னு ராத்திரியில அழும், முட்டியில நீலம் நீலமா இருக்கும், ஓடியாடி விழுந்துருக்கும்னு தைலம் தேய்ச்சு விட்டுட்டு இருந்தேன். கடைசியில ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு ரத்தப் புற்றுநோய், லுக்கேமியான்னாங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல மருந்து. கோலாலம்பூருக்குப் போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம், மத்ததெல்லாம் வீட்டுலதான்.

முதல் கீமோ முடிஞ்சு முடி கொட்ட ஆரம்பிச்சப்ப என் அத்தை காலையில தலகாணில கெடக்குற முடியைக் கையாலேயே கூட்டி எடுப்பாங்க, வெளக்குமாறு போட மாட்டாங்க. ஒரு நாள் அதைக் கையில வச்சுக்கிட்டே, "மரத்தாண்டவா, திரும்ப மொளைக்க வை, மொளைக்கிற முதல் முடி உனக்குத்தான்"னு வேண்டிக்கிட்டாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன், எனக்கு ஒண்ணும் பேச வரல.

வீட்டுல பார்த்துக்கறதுன்னா என்னன்னு அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும். ஸ்டீராய்டு கொடுக்குற வாரத்துல காலையில மூணு மணிக்கு எழுந்து இட்லியும் சம்பாலும் கேக்கும், மூஞ்சி பூசணிக்கா மாதிரி ஊதிப் போயிருக்கும், நான் அடுப்பு பத்த வைப்பேன். காய்ச்சல் 38 வந்தா எந்த நேரமா இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி, அவங்களைக் கேக்காம பாரசிட்டமால் கொடுத்து காய்ச்சலை மறைக்கக் கூடாது. பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு அம்மை போட்டுருக்குன்னா உடனே போன் பண்ணிச் சொல்லணும். சொந்தக்காரங்க ஒருத்தர் இந்த மருந்தெல்லாம் விஷம், நிறுத்திட்டு கஷாயம் கொடுன்னு வீட்டுக்கே வந்து சொன்னாரு. அப்ப அவருக்கு பதில் சொன்னது அத்தைதான், "சாமிகிட்ட நான் கேட்டுக்கறேன், மருந்தை அவ நிறுத்த மாட்டா"ன்னு. அந்த ஒரு வார்த்தைக்காகவே அவங்களை நான் காலத்துக்கும் வச்சுப் பார்ப்பேன்.

இப்ப முடி மொளைச்சுருக்கு, முன்ன நேரா இருந்தது இப்ப சுருள் சுருளா. டாக்டர்கிட்ட மொட்டை போடலாமான்னு கேட்டேன். சவரக்கத்தி வேணாம், கீறல் பட்டா அது வழியா கிருமி போயிடும், மெஷின்ல வேணா வெட்டிக்கங்கன்னாங்க. திங்கக்கிழமை ரத்தம் பார்த்தாங்க, கிருமியோட சண்டை போடுற வெள்ளை அணு, நியூட்ரோஃபில், 1.4 இருந்துச்சு, 0.5-க்குக் கீழ போனாதான் ரொம்ப பயம், அதனால மாஸ்க் போட்டுப் போகலாம், வெளியில எதுவும் வாயில வைக்க வேணாம்னு சொல்லி அனுப்புனாங்க.

செவ்வாக்கிழமை சாயங்காலம் மெஷினை ஸ்பிரிட் போட்டுத் தொடைச்சுட்டு எங்க வீட்டுக்காரரு வெட்டுனாரு, பாப்பா ஸ்டூல்ல அசையாம உக்காந்துருந்துச்சு, அது ஊசிக்கே அசையாத புள்ளையாச்சே. அத்தை மஞ்சள் துணியை மடியில விரிச்சு ஒவ்வொரு சுருளா ஏந்துனாங்க. ஆனா மொகம் சரியில்ல. சந்நிதியில எடுக்காத முடி செல்லுமான்னு ராத்திரி ரெண்டு தடவை என்னைக் கேட்டாங்க.

காடியில போறப்ப அத்தை கதை சொன்னாங்க. வெள்ளைக்காரன் காலத்துல ரோடு போடுறப்ப அந்த மரத்தை வெட்டப் போனாங்களாம், வெட்டுன எடத்துல ரத்தமா வந்துச்சாம், பயந்துபோய் விட்டுட்டாங்களாம், அந்த மரத்துல முருகன் இருக்காரு, அதான் மரத்தாண்டவர். பாப்பா கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கமே பார்த்துட்டு, "பிளாஸ்தர் போட்டாங்களா பாட்டி?"ன்னு கேட்டுச்சு. அத்தை "போட்டுருப்பாங்க சாமி"ன்னு சொல்லிட்டு சேலைத் தலைப்பால மூக்கைத் தொடைச்சுக்கிட்டாங்க. பாப்பா சட்டைக்கு மேல கையை வச்சு நெஞ்சுல தோலுக்கு அடியில மருந்து ஏத்த வச்சிருக்குற போர்ட்டைத் தடவிக்கிட்டே வந்துச்சு.

கோயில்ல பூசாரி ஐயாகிட்ட அத்தைதான் கேட்டாங்க, "வீட்டுல வெட்டுனது சாமி, டாக்டர் கத்தி வேணாம்னுட்டாரு." அவரு பாப்பா தலையைப் பார்த்தாரு, மாஸ்க்கைப் பார்த்தாரு, மஞ்சள் துணியை ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாரு. "அவன் கேட்டது முடிதானே, புள்ளை மேல கீறலா கேட்டான்"னு சொன்னாரு. அத்தை அங்கயே கீழ விழுந்து கும்பிட்டு எழுந்திரிக்கவே இல்ல, எங்க வீட்டுக்காரருதான் தூக்கி விட்டாரு. தீர்த்தத்தை பாப்பாவுக்குக் குடிக்கக் கொடுக்கல, பஞ்சாமிர்தத்தை நாங்க மட்டும் சாப்பிட்டோம், அதுக்கு வீட்டுல இருந்து ஃபிளாஸ்க்ல கொண்டுபோன மைலோ.

பால்குடம் எடுக்குற வேண்டுதல் இன்னும் பாக்கி இருக்கு. அது மருந்தெல்லாம் முடிஞ்சு டாக்டர் கூட்டத்துக்குப் போகலாம்னு சொல்ற பங்குனிக்கு.

சாயங்காலமே வீடு வந்துட்டோம். எட்டரைக்கு நான் கையுறை போட்டு மாத்திரையை ரெண்டா வெட்டி எடுத்தேன். அத்தை மரான்ல கொடுத்த திருநீறை முதல்ல மருந்து டப்பா மூடியில ஒரு கோடு இழுத்துட்டு அப்புறம் பாப்பா நெத்தியில வச்சாங்க. பாப்பா மாத்திரையை முழுங்கிட்டு வாயைத் தொறந்து காட்டுச்சு.