வலது கை நகங்கள்

எங்கள் வீட்டில் விளக்கு வைத்த பிறகு நகம் வெட்டக் கூடாது. என் மாமியார் இந்த ஒரு விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஆனால் மகள் ட்யூஷன் முடிந்து வீட்டுக்கு வருவதே ஏழரை மணிக்கு. அதற்குப் பிறகுதான் கிட்டாரை எடுக்க முடியும். எடுப்பதற்கு முன் வலது கை நகங்களை நெயில் ஃபைலால் சீராக்கி, நைசான உப்புத்தாளில் மெருகேற்றியாக வேண்டும். "வெட்டலை பாட்டி, தேய்க்கத்தான் செய்றேன்" என்ற சமாதானத்தை அத்தை ஏற்றுக்கொள்ள ஒரு வருடம் ஆனது.

கிளாசிக்கல் கிட்டாருக்கு பிக் (தந்தியை மீட்டும் சின்னப் பிளாஸ்டிக் துண்டு) கிடையாது. நைலான் தந்தியை விரல் சதையும் நகமும் சேர்ந்து மீட்ட வேண்டும். இடது கையில் நகத்தை ஒட்ட வெட்டிவிடுவார்கள். வலது கையில் கட்டைவிரல் முதல் மோதிர விரல் வரை நான்கு நகங்களும் விரல் நுனியைத் தாண்டிக் கொஞ்சம் நிற்க வேண்டும். ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு ஒன்று இருந்தாலும் தந்தி கீச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். இது தெரியாத பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு திங்கட்கிழமை நான்கு நகங்களையும் அங்கேயே வெட்டிவிட்டு அனுப்பினார்கள். அவள் அழுத அழுகையில் முதலில் உருகியது அத்தைதான். "வீணை வாசிக்கிறவங்க நகம் வளர்க்கலையா? லெட்டர் எழுதிக் கொடு" என்றார். எழுதிக் கொடுத்தேன். நகம் திரும்ப வளர ஐந்து வாரம் ஆனது.

இப்போது அவளுக்குப் பதினேழு. கல்லூரியில் கிட்டாரே படிக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எட்டு கிரேடும் முடிச்சாச்சா?" அந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்ல எனக்கு வருவதில்லை. ஏனென்றால் கிரேடு பரீட்சைகளை நம்பி நாங்கள் ஐந்து வருடம் தப்பான வழியில் போயிருக்கிறோம்.

எட்டு வயதில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வகுப்பில் சேர்த்தோம். வருடத்துக்கு ஒரு கிரேடு என்று லண்டன் டிரினிட்டி காலேஜின் இசைப் பரீட்சை. மூன்று பாட்டு, ஸ்கேல்கள், இரண்டு துணைத் தேர்வுகள், மொத்தம் நூறு மதிப்பெண். 87 அல்லது அதற்கு மேல் வாங்கினால் டிஸ்டிங்ஷன். பதின்மூன்று வயதில் ஐந்தாம் கிரேடில் டிஸ்டிங்ஷன் வாங்கினாள். சான்றிதழை ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டினோம்.

அதே வருடம் மயிலாப்பூரில் வேறொரு ஆசிரியரைப் பார்க்கப் போனோம். சார் எந்தப் பாட்டையும் வாசிக்கச் சொல்லவில்லை. ஒரு தாளை ஸ்டாண்டில் வைத்தார். எட்டே பார் (தாளக் கட்டு), மிக எளிய மெட்டு. "பார்த்து வாசிம்மா." அவள் கை கிட்டாரின் கழுத்தில் மேலும் கீழும் போய்த் தேடியது. முதல் பாரின் மூன்றாவது ஸ்வரத்தில் நின்றுவிட்டது. சார் பொறுமையாகக் காத்திருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பியானோவில் ஒரு ஸ்வரத்துக்கு ஒரு கட்டைதான். கிட்டாரில் அப்படி இல்லை. முதல் தந்தியைச் சும்மா மீட்டினால் வருகிற அதே ஈ (E) ஸ்வரம், இரண்டாவது தந்தியில் ஐந்தாம் கட்டத்தில் (ஃபிரெட்டில்) இருக்கிறது, மூன்றாவதில் ஒன்பதில், நான்காவதில் பதினான்கில். எந்த ஈ என்று தாளைப் பார்த்த நொடியில் முடிவு செய்ய வேண்டும். அதனால்தான் கிட்டார் பிள்ளைகளுக்குப் பார்த்து வாசிப்பது இவ்வளவு சிரமம். டிரினிட்டியில் ஐந்தாம் கிரேடு வரை துணைத் தேர்வுகளில் நமக்குப் பிடித்த இரண்டை எடுத்துக்கொள்ளலாம். ஆறிலிருந்துதான் பார்த்து வாசிப்பது கட்டாயம். அந்த வகுப்பில் ஒவ்வொரு வருடமும் அதைத் தவிர்த்து மற்றதை எடுக்க வைத்தார்கள். பாட்டுகளையும் விரல் எண் சொல்லிச் சொல்லியே உருப்போட வைத்திருக்கிறார்கள். ஐந்து வருடமாக நானும் மதிப்பெண்ணை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

"ஆறு மாசம் பரீட்சை வேண்டாம். புதுப் பாட்டும் வேண்டாம்" என்றார் சார். அவர் கொடுத்தது இத்தாலியக் கிட்டார் மேதை மௌரோ ஜூலியானியின் 120 வலது கைப் பயிற்சிகள். 1812இல் வெளியானவை. நூற்றிருபதிலும் இடது கைக்கு சி, ஜி செவன் என்று இரண்டே கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்). இடது கைக்கு வேலையே இல்லாமல் செய்துவிட்டால், கவனம் முழுக்க வலது கையில் நிற்கும். எந்த விரல் முந்துகிறது, எது பின்தங்குகிறது, எது சத்தமாக விழுகிறது என்று காது பிடித்துவிடும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்து ஆரம்பித்தார்கள்.

திருமயிலையிலிருந்து வேளச்சேரிக்குப் பறக்கும் ரயிலில் திரும்பும்போது கிட்டார் பெட்டியைக் கட்டிக்கொண்டு, "எட்டு வயசுல கத்துக்கிட்ட கார்டும்மா இது" என்று அழுதாள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அத்தைதான் மறுநாள் காலையில் காபி ஆற்றிக்கொண்டே சொன்னார்: "சரளி வரிசைதானே. நாங்க ரெண்டு வருஷம் பாடினோம்." அது அவளுக்குப் புரிந்தது.

நாலாவது மாதம் ஸ்பெயின் இசையமைப்பாளர் பெர்னாண்டோ சோரின் பி மைனர் பயிற்சி வந்தது, ஓபஸ் 35 என்ற அவருடைய தொகுப்பில் 22ஆவது. கேட்க அமைதியாக இருக்கும். விரல்கள் ஒரே மாதிரி ஓடிக்கொண்டே இருக்க, மேல் தந்தியில் ஒரு மெட்டு தனியாக மிதக்கும். சார் அந்த மேல் மெட்டை மட்டும் பாடச் சொன்னார். அவளுக்கு வெட்கம். சரி, காத்திருப்போம் என்று உட்கார்ந்துவிட்டார். ஐந்து நிமிடம் கழித்து மெதுவாகப் பாடினாள். "இப்ப வாசி." வாசித்தாள். மூன்றாவது பாரில் அவளே நிறுத்தினாள். "சார், நான் விரலைச் சீக்கிரம் எடுத்துடறேன். பாடும்போது இந்த ஸ்வரம் இன்னும் நீளுது." அன்று அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். அவள் வாசிப்பதை அவளே கேட்கத் தொடங்கியது அன்றுதான்.

அப்புறம் உடம்பு. இடது காலை ஃபுட் ஸ்டூலில் வைத்துத் தினமும் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் பதினைந்து வயதிலேயே இடுப்பு வலிக்கிறது. இருபத்தைந்து நிமிடம் வாசித்தால் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடக்க வேண்டும் என்பது சாரின் சட்டம். மணிக்கட்டில் லேசாகக் கூச்சம் தெரிந்தாலும் அன்றைக்கு வாசிப்பு முடிந்தது. வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிப்பதைச் சாதனை என்று பேசும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கை ஒன்றுதான் முதல்.

போன வருடம் கச்சேரிக்கு இரண்டு நாள் முன் மோதிர விரல் நகம் பாதியில் பிளந்துவிட்டது. பிங்பாங் பந்தை வெட்டி, நகத்தின் வளைவுக்குத் தக்கபடி ஒரு சின்னத் துண்டு எடுத்து, சூப்பர் குளூ வைத்து ஒட்டி, உப்புத்தாளில் தேய்த்துச் சரிசெய்தார் சார். உலகம் முழுக்கக் கிட்டார்க்காரர்கள் செய்கிற வேலையாம் இது. அதோடுதான் வாசித்தாள்.

நியூயார்க்கின் ஜூலியார்டு மாதிரி இசைக் கல்லூரிகள் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே சனிக்கிழமைப் பள்ளி நடத்துகின்றன. தனி வகுப்பு, தியரி, காதுப் பயிற்சி, சேர்ந்து வாசிப்பது எல்லாம் ஒரே கூரையின் கீழ். நாங்கள் அதைத் துண்டு துண்டாகச் சேர்த்தோம். சனிக்கிழமை சார், ஞாயிறு தியரி வகுப்பு, மாதம் இரண்டு முறை வயலின் வாசிக்கும் ஒரு பெண்ணோடு சேர்ந்து வாசிப்பு. தனியாகவே வாசித்துப் பழகியவளுக்கு இன்னொருவருக்காக நான்கு பார் எண்ணிக்கொண்டு காத்திருப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

மனம் சோரும்போது நான் நினைத்துக்கொள்வது கிளாசிக்கல் கிட்டார் கலைஞர் ஜான் வில்லியம்ஸை. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் அவர் படித்தபோது அங்கே கிட்டார் துறையே கிடையாது, பியானோ படித்தார். படிப்பு முடிந்ததும் கிட்டார் துறையைத் தொடங்க அவரைத்தான் கூப்பிட்டார்கள். ஜூலியார்டில் கிட்டார் துறை வந்தது 1989இல்தான். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலம் அது.

இந்த நவம்பரில் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கான வீடியோ எடுத்தோம். முகமும் இரண்டு கைகளும் தெரிய வேண்டும், ஒரு பாட்டை நடுவில் வெட்டி ஒட்டக் கூடாது. மின்விசிறியை நிறுத்தினோம், ஃபிரிட்ஜை அணைத்தோம், அத்தை குக்கரை இறக்கி வைத்தார். பிரேசில் இசையமைப்பாளர் வில்லா லோபோஸின் முதல் பிரெல்யூட் இரண்டாவது டேக்கிலேயே அமைந்துவிட்டது. அவர் செல்லோ வாசித்தவர். அந்தப் பாட்டிலும் மெட்டு கீழ்த் தந்திகளில் செல்லோ போலவே பாடும். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் படைப்புப் பட்டியலில் 998ஆம் எண்ணில் வரும் பிரெல்யூட்தான் படுத்தியது. அதற்கு ஆறாவது தந்தியை ஈயிலிருந்து டிக்கு இறக்க வேண்டும். இறக்கிய தந்தி சும்மா இருக்காது, வாசிக்க வாசிக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். மழை ஈரம் வேறு. நான்காவது டேக்கில் கைகளில் ஒரு தப்பும் இல்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கடைசி ஸ்வரம் அடங்கும் வரை அசையாமல் இருந்தவள், "டி ஏறிடுச்சும்மா. அழிச்சிடு" என்றாள்.

எனக்கு அது கேட்கவே இல்லை. அழித்தேன். ஒன்பதாவது டேக்கைத்தான் அனுப்பினோம். பதில் வர இன்னும் நாளிருக்கிறது. நாளைக்கு அவளுக்கு இயற்பியல் தேர்வு. இப்போது மணி எட்டேகால். ஹாலில் பழைய பேப்பரை விரித்துப் போட்டு, "தூளெல்லாம் இதுலயே விழட்டும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார் அத்தை.