கண்மாய் மண்ணும் கருவேலங்காய் மையும்: ஏழு மாதக் குறிப்பு

தை மாதம் தொடங்கினேன். வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான். களிமண்ணோ சாயமோ கடையில் வாங்கக் கூடாது. வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரத்தில் கிடைப்பதை வைத்தே சட்டி செய்ய வேண்டும், அதன்மேல் வரைய வேண்டும், தாளிலும் வரைய வேண்டும். ஊர் கோவில்பட்டிப் பக்கம். சுற்றிலும் கரிசல் காடு.

கையருகே கரிசல் இருக்க வேறு மண் எதற்கு என்று அதில்தான் முதலில் கை வைத்தேன். பிசையும்போது வெண்ணெய்தான். விரலுக்கு அவ்வளவு இணங்கும் மண்ணை அதற்குப் பின்னும் நான் தொட்டதில்லை. ஆனால் நிழலில் மூன்று நாள் காய்ந்ததும் ஐந்து கிண்ணமும் விளிம்பிலிருந்து அடிவரை பிளந்துவிட்டன. அதே மண்ணில் தட்டிய ஒரு பட்டையில் 10 செ.மீ. கோடு கீறிக் காயவைத்து அளந்தேன். கோடு 8.5 செ.மீ. ஆகியிருந்தது. கோடையில் கரிசல் நிலம் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கிறதே, அதே குணம். தண்ணீரைக் குடித்து உப்புகிற, காய்ந்தால் ஒரேயடியாகச் சுருங்குகிற நுண்களி அதில் மிகுதி.

பக்கத்து ஊரில் பானை வனையும் பெரியம்மா ஒருவரிடம் உடைந்த துண்டுகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

"கரிசல் காயுறப்ப வாயப் பொளந்துரும் தாயி. கண்மாய் மண்ணு மூணு பங்குக்கு மணல் ஒரு பங்கு போடு. போட்டுட்டு மிதி. கையால பெசஞ்சா காணாது, காலால மிதிக்கணும்."

கண்மாயில் மண் எடுக்க அனுமதி வேண்டும். அவர்கள் முறைப்படி அனுமதி வாங்கி எடுத்து வைத்திருந்த குவியலிலிருந்தே இரண்டு சாக்கு கொடுத்தார். இரண்டு நாள் ஊறவைத்து, மணல் கலந்து, ஒரு மணி நேரம் மிதித்தேன். அதே 10 செ.மீ. கோடு இந்த முறை 9.2-இல் நின்றது. பானை வனையும் சக்கரம் என்னிடம் இல்லை. திரி திரியாக உருட்டி அடுக்கி, உள்ளே ஒரு குழவிக்கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே சின்னப் பலகையால் தட்டித்தான் சுவரை மெலிதாக்கினேன்.

மாசி கடைசியில் முதல் சூடு. குழியில் எருவாட்டி அடுக்கி, ஏழு கிண்ணங்களை வைத்து, விறகும் வைக்கோலும் மூடி, மேலே சேறு பூசிக் கொளுத்தினேன். கால் மணி நேரத்தில் இரண்டு வெடித்த சத்தம் கேட்டது. தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே ஈரம் மிச்சம் இருந்திருக்கிறது. அது ஆவியாகி வெளியேற வழி கிடைக்கும் முன்னே நான் தீயைக் கூட்டிவிட்டேன். மீதி ஐந்தும் நல்ல சிவப்பாக வந்தன. மகிழ்ச்சி ஒரு வாரம்தான். அலமாரியில் சும்மா இருந்த கிண்ணங்களில் காசளவு சில்லுகள் தெறிக்கத் தொடங்கின. ஒவ்வொரு பள்ளத்தின் நடுவிலும் ஒரு வெள்ளைப் புள்ளி.

அந்தப் புள்ளி சுக்காங்கல், அதாவது சுண்ணாம்புக் கல். எங்கள் பக்க மண்ணில் கடுகளவிலிருந்து நெல்லிக்காய் அளவு வரை கலந்து கிடக்கும். சூட்டில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடுகிறது. பிறகு காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல இழுத்து, நீற்றுச் சுண்ணாம்பாக உப்பி, மேலே இருக்கிற சில்லைத் தள்ளிவிடுகிறது. மண்ணில் சுக்காங்கல் இருக்கிறதா என்று பார்க்க இப்போது எலுமிச்சம்பழச் சாறு சொட்டுகிறேன். நுரைத்தால் இருக்கிறது. அதற்குப் பிறகு மண்ணைக் கூழாகக் கரைத்து மாவுச் சல்லடையில் வடிகட்டாமல் ஒரு கிண்ணம்கூடச் செய்ததில்லை. பொறுமை வேண்டிய வேலை. ஒரு சாக்குக்கு ஒரு நாள் முழுக்கப் போகும்.

சல்லடையில் நின்ற கற்களை எறியவில்லை. கழுவி, இடித்து, அம்மியில் அரைத்தேன். கருவேலம் பிசின் கரைசலில் குழைத்தால் லேசாகச் சாம்பல் ஓடிய வெள்ளை கிடைத்தது. பழுப்புத் தாளில் ஆட்டின் வயிற்றையும் கொக்கையும் அந்த வெள்ளையில்தான் வரைகிறேன்.

சிவப்புக்குச் செவல் மண். கரிசல் முடிந்து செவல் தொடங்கும் இடம் எங்கள் ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர். ஒரு வாளித் தண்ணீரில் கலக்கி, இரண்டு நிமிடம் விட்டு, கலங்கல் நீரை மட்டும் வேறு வாளிக்கு மாற்றினால் மணல் முதல் வாளியிலேயே தங்கிவிடும். மாற்றிய நீர் ஓர் இரவு தெளிந்தபின் அடியில் படிவதுதான் நிறம். இன்னும் சுடாத கிண்ணத்தில் அதைப் பூசி, பாதி காய்ந்ததும் கூழாங்கல்லால் தேய்த்தால் மினுமினுப்பு ஏறும். கரிக்கு ஒரு குறையும் இல்லை. பருத்திமாரை, அதாவது காய்ந்த பருத்திச் செடிக் குச்சியை, விரல் நீளத்துக்கு ஒடித்து, மூடியில் ஆணித் துளை போட்ட டின்னில் அடைத்து அடுப்பில் வைத்தேன். துளையில் புகை நின்றதும் எடுத்து, ஆறும்வரை திறக்காமல் வைத்தேன். சீமைக்கருவேலக் கரி அடுப்புக்குச் சரி, தாளைக் கீறும். பருத்திமார்க் கரி மெத்தென்று இழுபடுகிறது.

எனக்கு மிகப் பிடித்த வேலை மைதான். துணியில் வரையும் கருப்பூர் கலம்காரி ஓவியத்தில் கருப்பு நிறத்துக்குக் கடுக்காயும் இரும்பும் வெல்லமும் சேர்ப்பார்கள். கடுக்காய் இங்கே விளையாது. துவர்ப்புத்தானே வேண்டும் என்று கண்மாய்க்குள் நிற்கிற நாட்டுக் கருவேல மரத்தைப் பார்த்தேன். ஆடுகளுக்காகத் தொரட்டியால் உலுக்கிப் போட்டிருந்த காய்களில் 200 கிராம் பொறுக்கி, விதை நீக்கி இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டுப் பாதியாகச் சுண்டவைத்தேன். செம்பழுப்புச் சாறு. இன்னொரு பக்கம் மண் கலயத்தில் ஒரு கை துருப்பிடித்த ஆணி, 50 கிராம் கருப்பட்டி, அரை லிட்டர் தண்ணீர். பதினைந்து நாளில் அது நுரைத்துப் புளித்தது. நாலு கரண்டிச் சாற்றில் ஒரு கரண்டி ஆணித் தண்ணீரை விட்ட கணத்தில் மொத்தமும் கருத்துப்போனதைப் பார்த்து வாய்விட்டுக் கத்திவிட்டேன். அதே மரத்தின் பிசின் பட்டாணி அளவு போட்டதும் மை படராமல் நின்றது.

மூங்கில் குச்சி முனையில் துணி சுற்றி வரைகிறேன். கோடு முதலில் மங்கலாக விழுந்து, காற்றுப் பட்டு மறுநாள்தான் முழுக்கக் கருக்கிறது. ஆணித் தண்ணீர் கூடிப்போன ஓவியங்கள் ஒரு மாதத்தில் ஓரம் பழுத்துவிட்டன, தாளும் மொரமொரப்பாகிவிட்டது. நாலுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது.

சித்திரையில் இரண்டாம் சூடு. இந்த முறை கிண்ணங்களை முதல் நாள் முழுக்க வெயிலில் வைத்து, எரியும் அடுப்பருகே சூடேற்றிய பிறகே குழிக்குள் இறக்கினேன். ஒன்றும் வெடிக்கவில்லை. கீழடி அருங்காட்சியகத்தில் உள்ளும் விளிம்பும் கருப்பாக, வெளியே சிவப்பாக இருக்கிற கலங்களைப் பார்த்ததிலிருந்து அது மனதைவிட்டுப் போகவே இல்லை. கவிழ்த்து வைத்துச் சுட்டிருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். அதனால் ஆனியில் மூன்றாம் சூட்டுக்கு நான்கு கிண்ணங்களை உமி நிரப்பிக் கவிழ்த்து, விளிம்பைச் சாம்பலில் புதைத்தேன். காற்றுப் பட்ட வெளிப்புறத்தில் மண்ணிலிருந்த இரும்பு சிவந்தது. உள்ளே காற்றுப் போகாமல் உமிக்கரி ஓட்டில் ஏறிக் கருத்தது. இரண்டில் நிறம் சரியாகப் பிரிந்திருந்தது. ஒன்றில் சாம்பல் விலகி விளிம்பு திட்டுத் திட்டாகச் சிவந்துவிட்டது. இன்னொன்று முழுக்கக் கருப்பு.

அதே சூட்டில், கருவேல மையால் மீன் வரைந்த ஒரு சிவப்புக் கிண்ணத்தையும் நிமிர்த்தி வைத்திருந்தேன். கருப்பு மீன் கருப்பாகவே வரும் என்ற நினைப்பு. வெளியே எடுத்தபோது மீன் துரு நிறத்தில் இருந்தது. சாறும் பிசினும் எரிந்துபோய், ஆணியிலிருந்து வந்த இரும்பு மட்டும் தங்கிச் சிவந்திருக்கிறது. கிண்ணத்தின் சிவப்புக்கும் மீனின் சிவப்புக்கும் ஒரு நூல் வித்தியாசம், வெயிலில் சாய்த்துப் பிடித்தால்தான் செதில் தெரியும். பெரியம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத எனக்குக் குடு தாயி" என்றார். கொடுத்துவிட்டேன்.

ஐப்பசி மழைக்குக் கண்மாய் பெருகிவிட்டால் தை வரை மண் எடுக்க முடியாது. இந்த வாரம் இரண்டு சாக்கு வாங்கி ஊறப்போட்டிருக்கிறேன். அடுத்த சூட்டில் ஐந்து மீன்.