மிக்ஸிங் மேசையில் ‘பேபல்’

ஒலிக்கலவைக்கு (பதிவான குரலையும் வாத்தியங்களையும் அளவாகச் சேர்க்கும் மிக்ஸிங் வேலைக்கு) வரும் இளம் இசைக்குழுக்கள் கையோடு ஒரு மாதிரிப் பாட்டைக் கொண்டுவருவார்கள், ‘இப்படி ஒலிக்க வேண்டும்’ என்று. நாட்டார் இசையை ராக்கோடு சேர்த்து வாசிக்கும் குழுக்களில் பலர் எனக்குத் தந்த மாதிரி, லண்டன் குழுவான மம்ஃபோர்ட் அண்ட் சன்ஸின் இரண்டாவது ஆல்பம் ‘பேபல்’. 2012 செப்டம்பரில் வெளியானது. அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே சுமார் 6 லட்சம் பிரதிகள் விற்றது. அடுத்த ஆண்டு, ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதையும் பெற்றது. ஆனாலும் வேலைக்காக அதைத் திரும்பத் திரும்பக் கேட்டவன் என்ற முறையில், எனக்கு அது சரிபாதி மனநிறைவுதான் தருகிறது.

2009இல் வந்த முதல் ஆல்பத்தைத் தயாரித்த மார்கஸ் டிராவ்ஸ்தான் இதற்கும் தயாரிப்பாளர். அப்போது குழுவில் நால்வர், தனியாக டிரம்மர் கிடையாது. பாடகர் மார்கஸ் மம்ஃபோர்ட் கிட்டார் வாசித்தபடியே காலால் கிக் டிரம்மை மிதிப்பார். பாட்டின் நடுவே அந்த மிதி நுழையும்போது கேட்பவரின் உடம்பு தானாக நிமிர்கிறது. இரண்டு ஆல்பங்களுக்கும் இடையில் அவர்கள் ஊர் ஊராக வாசித்துக்கொண்டிருந்தார்கள். புதிய பாட்டுகள் சில, பதிவாகும் முன்பே மேடை ஏறிவிட்டன. திறந்த வெளியில் நிற்கும் ஆயிரக்கணக்கானோருக்கு அந்த மிதி வேண்டும். ஹெட்ஃபோனில் கேட்பவருக்கு வேறு தேவைகள் உண்டு.

இந்த ஆல்பத்தில் ஓங்கி ஒலிக்கும் இன்னொரு வாத்தியம் பேஞ்சோ, தோல் போர்த்திய தந்தி வாத்தியம். அதன் ஒலி சட்டென எழுந்து சட்டென அடங்கும். இடைவெளி தெரியாமலிருக்க விரல்கள் ஓயாமல் மீட்ட வேண்டும். நம் காது மிகக் கூர்மையாக இருப்பது ஏறக்குறைய 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில். பேஞ்சோவின் கூர் விழுவதும் அங்கேதான். பாடுபவரின் மெய்யெழுத்துகள் துலங்குவதும் அங்கேதான். பாடகர் முழுத்தொண்டையில் பாட, பக்கத்திலேயே பேஞ்சோ பொழியும்போது, பேஞ்சோவின் ஃபேடரை (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) ஏற்றினால் சொல் போகிறது. இறக்கினால் உயிர் போகிறது.

‘விஸ்பர்ஸ் இன் த டார்க்’, ‘ஐ வில் வெயிட்’, ‘ஹோலண்ட் ரோட்’ மூன்றும் தனித்தனியே நல்ல பாட்டுகள். அடுத்தடுத்துக் கேட்கும்போது மூன்றாவது உச்சம் என்னைத் தொடவில்லை. பிறகு எட்டாவதாக ‘ரிமைண்டர்’ வருகிறது. இரண்டே நிமிடம், அடக்கமான கிட்டார், குரல். அங்கே காது மறுபடி திறந்துகொள்கிறது. அதனால்தான் பின்னால் வரும் ‘புரோக்கன் கிரவுன்’ கோபமாக வெடிக்கும்போது நம்ப முடிகிறது. இடம்விட்டு வாசிக்கத் தெரிந்தவர்கள்தான் இவர்கள்: 2010இல் ஆங்கிலப் பாடகி லாரா மார்லிங்கோடும் ராஜஸ்தானி நாட்டுப்புறக் கலைஞர்களோடும் சேர்ந்து வெளியிட்ட சிறு தொகுப்பைக் கேட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் என்னை யோசிக்க வைத்தது, தன் இரண்டாவது ஆல்பத்தோடு எங்கள் ஒலிப்பதிவுக்கூடத்துக்கு வந்த ஒரு குழு. முதல் ஆல்பத்தின் பாட்டுகளை அவர்கள் யாரும் கேட்காத காலத்தில் நிதானமாக எழுதியிருந்தார்கள். இரண்டாவதை எழுதியது கச்சேரிகளுக்கு நடுவே கிடைத்த நேரத்தில். எல்லாப் பாட்டிலும் கிக் டிரம் மேலே நிற்க வேண்டும் என்றார்கள்.

“அண்ணா, இந்த இடத்தில்தான் கூட்டம் எழுந்து ஆடும்” என்றார் டிரம்மர்.

“கேட்பவர் ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறார், தம்பி” என்றேன். பிறகு அவர்கள் கொண்டுவந்த ‘பேபல்’ ஆல்பத்தையே எடுத்து, ‘ரிமைண்டர்’ பாட்டையும் அதற்கு முந்தைய பாட்டையும் சேர்த்துப் போட்டுக் காட்டினேன். யாரும் உடனே பேசவில்லை. இரண்டு பாட்டுகளில் கிக்கை முழுவதும் எடுத்துவிட அவர்களே சொன்னார்கள். இன்னொன்றில் எடுக்கவே கூடாது என்று டிரம்மர் பிடிவாதமாக நின்றார், விட்டுவிட்டேன். அந்தப் பாட்டைப் பற்றி அவருக்கு அவ்வளவு உறுதி இருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

2015இல் மூன்றாவது ஆல்பத்தில் மம்ஃபோர்ட் குழு பேஞ்சோவை ஒதுக்கிவிட்டு எலக்ட்ரிக் கிட்டாருக்குப் போனது. அதைச் சொல்லி, “அப்படியானால் நானும் மாண்டலினை விட்டுவிடவா?” என்று இந்தக் குழுவின் மாண்டலின்காரர் கவலையோடு கேட்டார். வேண்டாம் என்றேன். பல்லவியில் மட்டும் வாசிக்கச் சொல்லி, மைக்கை ஓரடி பின்னால் தள்ளி, அவர் பகுதியை மறுபடி பதிவு செய்தோம். சரணத்தின் சொற்கள் அப்போதுதான் தெளிவாகக் கேட்டன.