கம்போ: நாலு ஈடு செய்து பார்த்ததில்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கம்போ குழம்பும் இல்லை, சூப்பும் இல்லை. சோற்றில் ஊற்றினால் பரவி ஓடாமல், அதே சமயம் கட்டியாக நிற்காமல் இருக்க வேண்டும். இந்தப் பதத்தைக் கொடுக்க அங்கே மூன்று வழிகள் உண்டு: எண்ணெயில் வறுத்த மாவு, வெண்டைக்காய், சாசஃப்ராஸ் என்னும் வட அமெரிக்க மரத்தின் இலைத் தூள். மூன்றும் மூன்று கூட்டத்தார் கைவண்ணம். தனித்தனியாகப் போட்டுப் பார்த்தால் எது என்ன வேலை செய்கிறது என்பது தெளிவாகிறது.

எல்லா ஈட்டுக்கும் ஒரே அளவு. மைதா 125 கிராம், கடலை எண்ணெய் 140 மி.லி., பெரிய வெங்காயம் 300 கிராம், செலரித் தண்டு 150 கிராம், பச்சைக் குடைமிளகாய் 150 கிராம், பூண்டு 6 பல், எலும்போடு கோழித் தொடை 1 கிலோ, புகை போட்ட பன்றி சாசேஜ் 300 கிராம், கோழி எலும்புச் சாறு 2 லிட்டர், தைம் 1 டீஸ்பூன், மிளகாய்த் தூள் அரை டீஸ்பூன், பே இலை 2. அங்கே போடுவது ஆன்டூயி சாசேஜ். கிடைக்காவிட்டால் நன்றாகப் புகை ஏறிய எதுவும் சரி. பே இலைக்குப் பதில் பிரிஞ்சி இலை போட்டால் பட்டை வாசம் தூக்கலாக வந்து பிரியாணியை நினைவுபடுத்தும். மஞ்சள், மல்லித் தூள் டப்பாக்களைத் திறக்கவே வேண்டாம்.

முதல் ஈடு: மெல்லிய பாத்திரம், பெரிய தீ. மாவை 15 நிமிடத்தில் சிவக்க வைக்கப் பார்த்ததில் அடி ஓரத்தில் கரும்புள்ளிகள் வந்துவிட்டன. புள்ளி தெரிந்தால் கதை முடிந்தது. சாறு ஊற்றி இரண்டு மணி நேரம் கொதித்தாலும் கசப்பு போகாது, கொட்டிவிட வேண்டியதுதான். அடி கனத்த இரும்புப் பாத்திரமும், மூலைவரை சுரண்ட நுனி தட்டையான மரக்கரண்டியும் அவசியம்.

இரண்டாம் ஈடு: நடுத்தரத் தீக்குக் கொஞ்சம் குறைவாக வைத்து 20 நிமிடம். கடலை மிட்டாய் நிறத்தில் நிறுத்தியது. கருகவில்லை, ஆனால் கூழ் மாதிரி தடித்துப்போனது, நாக்கில் மாவுதான் முதலில் தட்டியது.

மூன்றாம் ஈடு: அதே தீ, 45 நிமிடம், கை எடுக்காமல் கிளறல். பத்து நிமிடத்தில் சந்தன நிறம், அரை மணியில் செப்புக்காசு நிறம், அதன் பிறகு ஒவ்வொரு நிமிடமும் கண் அங்கேயே இருக்க வேண்டும். வாசனை பொரியிலிருந்து வறுத்த காப்பிக்கொட்டைக்கு மாறி, நிறம் சாக்லேட்டை எட்டியதும் நறுக்கிவைத்த வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் ஒரே வீச்சில் கொட்ட வேண்டும். சொர்ரென்று ஆவி எழும்பும். காயின் ஈரம் சூட்டை இறக்கி, மாவு மேலும் கறுக்காமல் தடுக்கும். காயை முன்கூட்டியே நறுக்கி வைக்காவிட்டால் இந்த இடத்தில்தான் கோட்டை விடுவோம். இன்னொன்று: இந்தக் கலவை தெறித்தால் வெறும் எண்ணெயைவிட மோசம், தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். பிறகு சாற்றைச் சூடாக, ஒவ்வொரு கரண்டியாக ஊற்றிக் கரைத்து, கோழியும் சாசேஜும் போட்டு ஒன்றரை மணி நேரம் சிறுதீயில் வைத்து, மேலே மிதக்கும் கொழுப்பை அள்ளிவிடலாம்.

ருசி அமர்க்களம். ஆனால் குழம்பு நீர்த்திருந்தது. காரணம், மாவை வறுக்க வறுக்க அதிலுள்ள ஸ்டார்ச் உடைந்து கெட்டியாக்கும் சக்தியை இழக்கிறது. மாவு வறுக்கும் முறை பிரெஞ்சுக்காரர்களுடையது; இவ்வளவு கறுக்க விடுவது லூசியானாவின் வழக்கம். இந்த இடத்தில்தான் மற்ற இரண்டும் உதவிக்கு வருகின்றன.

நாலாம் ஈட்டைச் சரிபாதியாகப் பிரித்தது இதற்காகத்தான்.

ஒரு பாதியில் வெண்டைக்காய் 200 கிராம். வட்டமாக நறுக்கி, தனி வாணலியில் நூல் இழுப்பது அடங்கும்வரை 15 நிமிடம் வதக்கி, கடைசி அரை மணியில் சேர்த்தது. நம் சமையலில் புளி, மோர் விட்டு வழுவழுப்பை முறிப்போம். இங்கே அதை முழுக்க முறித்தால் போட்ட காரியமே கெட்டது. நூல் அடங்க வேண்டும், பசை மிச்சம் இருக்க வேண்டும். கம்போ என்ற பெயரே இந்தக் காயிலிருந்து வந்தது என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். மேற்கு, மத்திய ஆப்பிரிக்க மொழிகளில் கி-ங்கொம்போ போன்ற சொல் வெண்டைக்காயைக் குறிக்கும். பிரெஞ்சில் இன்றும் அது கொம்போதான். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் பானை இது. 1764இலேயே நியூ ஆர்லியன்ஸ் நீதிமன்ற விசாரணைக் குறிப்பில் கம்போ வருகிறது.

அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். லூசியானாவில் பிரெஞ்சு வழி வந்த கேஜன்கள்தான் கம்போவைக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்வதுண்டு. கேஜன்களின் முன்னோர் அகேடியர்கள், கனடாவின் இன்றைய நோவா ஸ்கோஷியாவில் வாழ்ந்த பிரெஞ்சுக் குடியானவர்கள். 1755 முதல் ஆங்கிலேயர் அவர்களை ஊரோடு பெயர்த்துக் கப்பலேற்றினார்கள். போசொலேய் என்று அழைக்கப்பட்ட ஜோசஃப் புரூசாரின் தலைமையில் ஒரு பெரிய கூட்டம் லூசியானாவுக்கு வந்து சேர்ந்தது 1765இல். 1785இல் பிரான்சிலிருந்து ஏழு கப்பல்களில் சுமார் 1,600 பேர் வந்தார்கள். அகேடியர்களைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லான அகாதியன் தேய்ந்து காதியன் ஆகி, ஆங்கில வாயில் கேஜன் ஆனது. ஆக, கம்போவைக் கேஜன்கள் கண்டுபிடித்ததாகச் சொல்வது பொருந்தாது. ஏற்கெனவே அடுப்பிலிருந்த பானைக்கு அவர்கள் வந்து சேர்ந்தார்கள்; தக்காளி இல்லாத, கறுத்த கோழி-சாசேஜ் கம்போ அவர்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

மறு பாதியில் ஃபிலே. சாசஃப்ராஸ் இலையை உலர்த்தி இடித்த இந்தத் தூள் சோக்டோ பழங்குடியினருடையது. ஒரு லிட்டருக்கு 2 டீஸ்பூன் போதும். அடுப்பை அணைத்து, கொதி முழுக்க அடங்கிய பிறகுதான் தூவ வேண்டும். சோதிக்க ஒரு கிண்ணத்தை மறுபடி கொதிக்கவிட்டதில் கரண்டியைத் தூக்கினால் பாகு மாதிரி நூல் நூலாக இழுத்தது. ஃபிலே என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கே நூலாக இழுத்தது என்றுதான் பொருள். மீந்ததைச் சூடுபண்ணும் எண்ணம் இருந்தால் பானையில் போடாமல் அவரவர் தட்டில் தூவிக்கொள்வது நல்லது.

வெண்டைக்காய்ப் பாதி கொழகொழவென்று சோற்றைப் பிடித்தது. ஃபிலேப் பாதியில் மண்வாசம் கலந்த இலை மணம், வழவழப்பு குறைவு. இரண்டையும் கலந்த கிண்ணம் தேவைக்கு மேல் தடித்தது. வெண்டைக்காய் காய்க்கும் காலத்தில் அது, இல்லாத காலத்தில் ஃபிலே என்று பழைய சமையல்காரர்கள் வைத்திருந்ததில் அர்த்தம் இருக்கிறது.

அடுத்த ஈடு இறைச்சி இல்லாத கீரைக் கம்போ, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலத்தில் அங்கே செய்வது. கடுகுக்கீரை, முள்ளங்கிக்கீரை, முட்டைக்கோஸ் கையில் இருக்கின்றன. கீரை வகைகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்பது பலர் வீட்டு வழக்கம். இன்னும் நாலு தேடினால் ஏழாகும்.